அத்தைக்கு ஐம்பத்தொன்று

ஆடிட்டர் பெரியமுத்து தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கெட்ட சேதி சொல்ல வேண்டிய நாட்களில்தான் அந்த மனிதருக்குத் தன் கண்ணாடி அழுக்காக இருப்பது தெரியவரும்.

நர்மதா வாசித்தாள். இரண்டே வரி. பூவாத்தாள், ஐம்பத்தொரு பங்கு. நர்மதா, நாற்பத்தொன்பது பங்கு.

“இது தெரிஞ்சதுதானுங்களே,” என்றாள்.

“தெரிஞ்சதுதானுங் அம்முணி. ஆனா பணம் போட வர்ற கொச்சிக்காரங்க படிக்கற மாதிரி ஒருக்காப் படிச்சுப் பாருங்க. பாதிக்கு மேல யாருகிட்ட இருக்குதோ, கம்பெனி அவங்க சொல்றபடிதான். உங்கத்தை நெனச்சா உங்களை எந்திரிக்கச் சொல்லிப்போட்டு அந்த நாற்காலில வேற ஆளை உக்கார வெக்கலாமுங்க.”

நர்மதா அந்த இரண்டு வரியை மறுபடி வாசித்தாள். ஏழு வருஷமாகத் தன் கம்பெனி என்று சொல்லித்தான் படுத்தாள், எழுந்தாள், கடன்காரனிடம் பேச்சு வாங்கினாள். அந்த ஏழு வருஷமும் அவள் வேறு ஒருத்தி கம்பெனியில் உழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்கும் தெரியாது, அந்த ஒருத்திக்கும் தெரியாது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பால்காரர்களுக்குப் பஞ்சமில்லை, பசும்புல்லுக்குத்தான் பஞ்சம். சித்திரை வெயிலில் மாடுகள் வைக்கோலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மக்காச்சோளத் தட்டை கதிரோடு வாங்கி வந்து, பொடியாக நறுக்கி, காற்றுப் புகாத பைகளில் அழுத்திக் கட்டிவைத்து, புளித்துப் பக்குவமான பிறகு விற்றால் என்ன என்று யோசித்தவள் நர்மதா. முதல் வருஷம் கட்டிய மூட்டையெல்லாம் பூசணம் பிடித்து நாறின. அவள் அப்பா செங்கோட்டையன் ஊர் நடுவில் நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டாள். இன்றைக்கு அவள் மூட்டைகள் திருச்சூர், கோட்டயம் வரை லாரியில் போகின்றன. இனி கையால் கட்டி மாளாது. பெரிய இயந்திரம் வேண்டும், அதற்கு வெளியிலிருந்து ஒரு முதலீடு வேண்டும்.

அந்த முதலீட்டுக்காகத்தான் கொச்சியிலிருந்து ஜிபி என்ற பெண் வந்திருந்தாள். கோயம்புத்தூரில் படித்தவள், மலையாளம் கலந்த தமிழ் பேசுவாள். மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, “நல்ல மணம்,” என்றாள். அந்தப் புளிப்பு வாடையை மணம் என்று சொன்ன முதல் வெளியாள் அவள்தான். போகும்போது, கம்பெனியில் யாருக்கு எத்தனை பங்கு என்ற விவரத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னாள். “இது சிம்பிள் அல்லே, நீங்க ஒரு ஆள்தானே,” என்று சிரித்தாள். திங்கட்கிழமை நேரில் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

சிம்பிளாக இருக்க வேண்டிய விஷயம் எப்படிச் சிக்கலானது? வெளியூர்க்காரரிடம் சொன்னால் சிரிப்பார்கள், எங்கள் பக்கத்தில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். கம்பெனி பதிய இரண்டு பேராவது வேண்டும் என்று பெரியமுத்து சொன்னபோது, அப்பா தன் பெயரைத் தர மாட்டேன் என்றுவிட்டார். அப்பாவின் அக்கா பூவாத்தாள், “என்ற பேரைப் போடு சாமி,” என்று தானாக வந்து நின்றாள். அத்தைக்குக் கைராசி. எருத்தேன்பதி வட்டாரத்தில் யார் விதைத்தாலும் முதல் பிடி அவள் கையால்தான் விழும். பெரியமுத்து நூறு பங்கில் அத்தைக்கு எத்தனை என்று கேட்டார். ஒன்றோ இரண்டோ கொடுத்தால் பிச்சை போட்ட மாதிரி இருக்கும். பாதி கொடுக்கலாம் என்றால், நல்ல காரியத்தில் ஐம்பது என்று யாராவது வட்டமாகக் கொடுப்பார்களா? மொய் வைத்தாலும் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்றுதானே வழக்கம். வட்டமாகக் கொடுப்பது இழவு வீட்டில். “அத்தைக்கு அம்பத்தொண்ணு,” என்றாள் நர்மதா. “நல்ல எண்ணுங்க,” என்று எழுதிக்கொண்டார் படித்த ஆடிட்டர். அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

இப்போது அந்த நல்ல எண் கழுத்தைப் பிடித்தது.

பெரியமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “வழி இருக்குதுங். கம்பெனி பதிஞ்ச அன்னிக்கே உங்கத்தைகிட்ட பங்கு மாத்தற பாரத்துலயும் ஒரு கையெழுத்து வாங்கி வெச்சிருந்தேன். எழுதாத பாரம். அல்லாருகிட்டயும் வாங்கி வெக்கறதுதான், எதுக்காவது ஆகும்னு. தேதியும் எண்ணிக்கையும் நாம போட்டுக்கலாம். ஒரிஜினல் ஷேர் சர்ட்டிபிகேட் மட்டும் வேணும். அது அவங்க ஊட்டுல இருக்குது.”

“அத்தைகிட்டச் சொல்ல வேண்டாமுங்களா?”

“சொன்னா சிவப்பிரகாஷ் காதுக்குப் போவும். போனா என்னாவும்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியாமல் என்ன? சிவப்பிரகாஷ் பூவாத்தாளின் மகன், நர்மதாவுக்கு முறை மாப்பிள்ளை. பத்து வருஷத்துக்கு முன்னால் பேச்சு எடுத்தபோது, கட்டிக்க மாட்டேன் என்று சபையில் சொன்னவள் அவள். அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தும் அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. நர்மதா அப்புறம் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அதையும் அவன் தன்னை அவமானப்படுத்துவதற்காகத்தான் என்றே எடுத்துக்கொண்டான்.

அவள் அந்த வெற்றுப் பாரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள். தப்பு என்று தெரிந்தேதான் போனாள், அதில் ஒளிவுமறைவில்லை.

மத்தியானம். சிவப்பிரகாஷ் வீட்டில் இல்லை. அத்தை கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஈரக் கையோடு வந்தாள்.

“வா கண்ணு. என்ன இந்நேரத்துல? சாப்புட்டியா?”

“சாப்புட்டனுங்கத்தை. அந்தக் கம்பெனி சர்ட்டிபிகேட் வேணுமுங். புதுசு மாத்தித் தர்றாங்களாம்.” பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

“அதுக்கென்ன,” என்று அத்தை சாமி அறைக்குப் போனாள். நர்மதா பின்னாலேயே போனாள், வாசற்படியில் நின்றுவிட்டாள். முருகன் படத்துக்கும் மாமாவின் போட்டோவுக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அந்த ஷேர் சர்ட்டிபிகேட். நாலு மூலையிலும் சந்தனம். நடுவில் பெயர் இருக்கும் இடத்தில் குங்குமம்.

அத்தை முக்காலியில் ஏறி அதைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னாலும் என்ற பேரு எதுன்னு தெரியும். நெலத்துக்குக் கரம் கட்டற ரசீது மாமன் பேருல வந்துச்சு, இப்ப இவன் பேருல வருது. கரண்டு பில்லு, பால் சொசைட்டி, எல்லாம் இவன் பேரு. மாடு நான் கறக்கறேன், பாலு அவன் பேருல போவுது. எனக்குன்னு பேரு போட்ட சொத்து இது ஒண்ணுதான் சாமி. புதுசு குடுத்தா இதே மாதிரி சட்டம் போட்டுக் குடுத்துரு.”

சட்டத்தை நீட்டினாள். நர்மதா வாங்க வேண்டியதுதான் பாக்கி. கை எழவில்லை.

“அத்தை, நான் பொய் சொன்னனுங்,” என்றாள். பாரத்தை எடுத்து அத்தை முன்னால் வைத்தாள். ஐம்பத்தொன்று என்றால் என்ன, கொச்சிக்காரர்கள் என்ன கேட்கிறார்கள், இந்தப் பாரத்தை எதற்குக் கொண்டுவந்தாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதை அவள் கவனிக்கவில்லை.

“ஓகோ,” என்றான் சிவப்பிரகாஷ்.

எவ்வளவு நேரம் நின்று கேட்டானோ. நேராக வந்து பாரத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தான், நாலாகக் கிழித்தான். அம்மா கையிலிருந்த சட்டத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“திருடிட்டுப் போவலாம்னு வந்திருக்கற.”

“தப்புத்தானுங் மச்சான். அதைச் சொல்லத்தான்…”

“சொன்ன வரைக்கும் நல்லது. அப்ப கம்பெனி எங்கம்மாளுது. கொச்சிக்காரி எப்ப வர்றா? திங்கக்கெழமையா? நாங்களும் வர்றோம்.”

நர்மதா அத்தையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று பார்த்தாள். அத்தை முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். அதைவிட அறைந்திருந்தால் நர்மதாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவள் உள்ளதை உள்ளபடியே எழுதி அனுப்பினாள். பூவாத்தாள் ஐம்பத்தொன்று, நர்மதா நாற்பத்தொன்பது. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ஜிபியிடமிருந்து, ‘திங்கள் வந்து பேசலாம்’ என்று ஒரே வரி வந்தது. அந்த ஒரு வரியைச் சனி, ஞாயிறு முழுக்க நர்மதா திருப்பித் திருப்பிப் படித்தாள். ஷெட்டில் வேலை செய்கிறவர்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். நறுக்கு இயந்திரத்தின் இரைச்சல் நின்றால், இனி இது ஓடுமா என்று எட்டிப் பார்த்தாள். சிவப்பிரகாஷ் டைரக்டராக வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தான் எங்கே உட்காருவது என்று யோசித்தாள். அப்பா வீட்டில், அவருடைய சிரிப்புக்கு எதிரே. வேறு எங்கே?

திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஷெட்டின் மூலையில் தடுத்த சின்ன ஆபீஸ் அறை, நாலு நாற்காலி. ஜிபி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். பெரியமுத்து கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றார். சிவப்பிரகாஷ் கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல் வெள்ளை வேட்டி சட்டையில், சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அத்தை புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு கடைசி நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

“நர்மதா, ஷீட் கண்டேன்,” என்றாள் ஜிபி. அன்றைக்கு இருந்த சிரிப்பு இல்லை. “நீங்க ஃபவுண்டர். பக்ஷே… ஆனா கண்ட்ரோல் வேற ஆளுக்கு. இத எங்க கமிட்டியில நான் எப்படிச் சொல்லும்?”

“அந்த வேற ஆளு எங்கம்மாதானுங்க,” என்று முந்திக்கொண்டான் சிவப்பிரகாஷ். “இனிமேட்டுக்குக் கம்பெனி விசயம் என்னகூடப் பேசுங்க. நான் டைரக்டராயிக்கறேன். நர்மதா வழக்கம்போல மூட்டை கட்டற வேலையைப் பாக்கட்டும், வேண்டாங்கல. யாவாரம் தெரிஞ்ச ஆம்பள ஒருத்தன் இருந்தா உங்களுக்கும் நல்லதுதானுங்களே.”

நர்மதாவுக்குக் காது சுட்டது. சட்டப்படி அவன் சொல்வதில் தப்பு ஒன்றுமில்லையே.

ஜிபி அவனைத் தாண்டிப் பார்த்தாள். “அம்மா, உங்க பேர்லயாணு ஷேர். நீங்க சொல்லுங்க.”

அத்தை தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“ஏனுங் அம்முணி, அம்பத்தொண்ணு இருந்தா இங்க என்ற பேச்சுத்தான் செல்லுமுங்களா?”

“செல்லும்.”

“என்ற பையன் பேச்சு?”

“அவருக்கு இதுல ஒரு ஷேரும் இல்லா, அம்மா.”

“நல்லாத் தெரியுமுங்களா?”

“நல்லாத் தெரியும்.”

அத்தை மகன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. “பிரகாசு, எந்திரிச்சு வெளிய போ. உனக்கு இங்க சோலி இல்ல.”

“அம்மா, என்ன பேசறீங்க?”

“காதுல உழுவலையா? நறுக்கற மிசினு எதுன்னு உனக்குத் தெரியுமா? பூசணம் புடிச்ச மூட்டையை இந்தப் புள்ள ஒத்தையாளா குழி வெட்டிப் பொதைச்சப்ப நீ எங்கிருந்த? போ வெளிய. நான் சொன்னாச் செல்லும்னு இந்தம்மாளே சொல்றாங்க.”

சிவப்பிரகாஷின் முகம் கறுத்துவிட்டது. சட்டத்தை மேசைமேல் டொக்கென்று வைத்தான். “பொழுதெறங்குனா எந்த ஊட்டுக்கு வரோணும்னு நெனப்பு இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அம்மாவை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டான்.

“கையெழுத்து எங்க போடோணும்?” என்றாள் அத்தை.

பெரியமுத்து புதுப் பாரம் ஒன்றைத் தயாராகத்தான் கொண்டுவந்திருந்தார். எண்ணிக்கை எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார், இந்தக் கூத்து எப்படி முடியுமோ என்று. அத்தை பேனாவை அழுத்திப் பிடித்துத் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

“பத்துப் பங்காவது வெச்சுக்குங்கத்தை,” என்றாள் நர்மதா.

“பத்து இருந்தா என்ற பேச்சு செல்லுமா?”

நர்மதா பெரியமுத்துவைப் பார்த்தாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“அப்ப அது எனக்கெதுக்கு? இன்னிக்கு ஒரு நாள் செல்லுச்சு. போதும்.” அத்தை எழுந்துவிட்டாள். சட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நர்மதா அவளோடு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. “இன்னைக்கு மச்சான் ஊட்டுக்குப் போவ வேண்டாமுங்கத்தை. நம்மூட்டுக்கு வந்துருங்க,” என்றாள்.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எது, உங்கொப்பன் ஊட்டுக்கா? அந்த ஊட்டுலயும் தோட்டத்துலயும் எனக்குப் பங்கு வேண்டாம்னு கண்ணாலமான வருசமே எழுதி வாங்கிப்போட்டாங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்த ஊட்டுல போயி எப்புடிப் படுக்கறது?”

நர்மதாவுக்கு இது தெரியாது. யாரும் சொன்னதில்லை. சொல்லும்படியான விஷயமாக அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

“மாமன் போனதுக்குப் பொறவு பிரகாசுக்கு ஒரு கையெழுத்து. இன்னிக்கு உனக்கு ஒண்ணு. நான் கையெழுத்துப் போட்டாலே ஏதோ ஒண்ணு என்னைய உட்டுப் போவுது சாமி.” குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். “நீ போ. அவன் ஒரு நாளைக்குக் கத்துவான், பொறவு சோறு கேப்பான். எனக்குப் பழக்கந்தான்.”

வேலந்தாவளம் பஸ் வந்தது. அத்தை கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டாள். கை காட்டும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

நர்மதா திரும்பி வந்தபோது ஆபீஸ் அறையில் காற்றே மாறியிருந்தது. ஜிபி முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது. பெரியமுத்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அம்பத்தொண்ணுன்னு எழுதீரலாமுங்களா அம்முணி? அப்பறம் நூறும் உங்க பேருதான்.”

ஒரு வாரமாக இந்த வார்த்தைக்குத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். இப்போது அது காதில் விழுந்தபோது வாய் கசந்தது. அப்பா கையெழுத்து வாங்கினார், மச்சான் வாங்கினான், மூன்றாவதாகத் தான் நிற்கிறோம் என்று நினைக்க அவமானமாக இருந்தது.

“எத்தனை பங்கு இருந்தா அவங்க பேச்சு செல்லுமுங்க?” என்று கேட்டாள்.

பெரியமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஜிபியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “தெனப்படி விசயத்துக்குப் பாதிக்கு மேல வேணுமுங். ஆனா கால்வாசிக்கு மேல ஒருத்தர்கிட்ட இருந்துட்டா, கம்பெனியைப் பத்தின பெரிய முடிவு எதையும் அவங்க சம்மதமில்லாம எடுக்க முடியாது. இருபத்தாறு இருந்தாச் செல்லும்.”

நர்மதா பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். தன் பேருக்கு மாறும் பங்கு எத்தனை என்ற காலியான இடத்தில் இருபத்தைந்து என்று எழுதினாள். அத்தையைக் கேட்காமல் எழுதியதுதான். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய் அது.

ஜிபி தாளை இழுத்துப் பார்த்தாள். “நர்மதா, உங்களுக்கு எழுபத்து நாலு, அவங்களுக்கு இருபத்தாறு. கம்பெனி உங்க கையில, அது சரி. பக்ஷே எங்க பணம் வந்து புது ஷேர் எடுக்கும்போ எல்லாருடேயும் பங்கு குறயும். அம்மாவோட இருபத்தாறும் குறஞ்சு போகும். பின்னே இதுக்கு அர்த்தமில்லா.”

நர்மதா ஷெட்டைப் பார்த்தாள். கட்டி முடித்த மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் தன்னுடையது என்று அவள் எண்ணியவை.

“அவங்களுதுல கை வெக்காதீங்க,” என்றாள். “என்னோடதுல கொறைச்சுக்குங்க.”

ஜிபி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, பட்டியலை முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள். பூவாத்தாள் என்ற பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.